மேசையில் வைத்த றோல்ஸுக்கும் காசா?

(கிளிநொச்சி நகரத்தில் 2011 முதல் 2022 வரை கணவரோடு சேர்ந்து சாப்பாட்டுக்கடை நடத்திய அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

லண்டனிலிருந்து லீவில் வந்து வட்டக்கச்சியில் நிற்கும் வாசகர்: போன கிழமை மச்சானோடு நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கதிரையில் இருந்ததும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய றோல்ஸ், வடை, பற்றிஸ் கொண்டுவந்து வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்து இரண்டு எடுத்தேன். பில்லில் இரண்டுக்கும் காசு போட்டிருந்தார்கள். மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டு திரிகிறான். எனக்குக் காசு பிரச்சினை இல்லை. மிச்சம் இருந்த றோல்ஸ் எங்கே போயிருக்கும் என்பதுதான் யோசனை.

மச்சான் சிரிக்கட்டும், உங்கள் யோசனைதான் சரியான யோசனை.

அந்தத் தட்டில் வைக்கும்போதே பெடியன் எண்ணித்தான் வைப்பான். நீங்கள் எழும்பியதும் மிச்சத்தை எண்ணுவான். பத்து வைத்த இடத்தில் எட்டு இருந்தால் இரண்டுக்குக் காசு. இலங்கை முழுக்கத் தேத்தண்ணிக் கடைகளில் இருக்கிற பழக்கம் இது. பஸ்ஸால் இறங்கி வருகிறவருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கும். அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, உள்ளே போய், எடுத்து வருவதற்குள் கொண்டக்டர் கூப்பிட்டுவிடுவார். அதனால் வந்த ஏற்பாடாக இருக்கும்.

மிச்ச எட்டும் பக்கத்து மேசைக்குப் போயிருக்கும். மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் கடையிலும் 2014 வரை அப்படித்தான் நடந்தது. வடையை அமுக்கிப் பார்த்துவிட்டு வைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். றோல்ஸுக்குள் மீனா முட்டையா என்று மணந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு தாய் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். மடியில் தடிமன் பிடித்த பிள்ளை. மூக்கைத் துடைத்த கையாலேயே ஒவ்வொரு றோல்ஸாகத் தொட்டு 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று எண்ணிப் பழகியது. ஒன்றும் சாப்பிடவில்லை. தாயும் பிள்ளையும் எழும்பினார்கள். பெடியன் தட்டைத் தூக்கி நேரே அடுத்த மேசையில் வைத்தான். நான் காசு லாச்சியடியில் இருந்து கத்தின கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த கிழமையே கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்தோம். இடுக்கியும் வாங்கினோம். இவருக்கு அதில் பெரிதாக விருப்பம் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் கை போகும், யாவாரம் விழும் என்றார். விழுந்ததுதான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது போன இடத்தில் நூற்றிப்பத்துத்தான் போனது. பிறகு ஏழெட்டு மாதத்தில் பழைய கணக்குக்கு வந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தட்டு வரும்போதே, 'தம்பி, தட்டு வேண்டாம், அலுமாரியில இருந்து ரெண்டு எடுத்துத் தாங்கோ' என்று சொல்லுங்கள். அலுமாரி இல்லாத கடை என்றால் பிளேன்ரீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகி, வவுனியா: மதியம் தனியாகச் சாப்பிடப் போனால், நான் வாயைத் திறக்க முதலே 'குடும்ப அறை' என்று எழுதிய திரைச்சீலைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே காற்றாடி இல்லை, கறி கேட்டால் ஆளும் வருவதில்லை. இது மரியாதையா, ஒதுக்கலா?

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன், தங்கச்சி. நான் ஒரு பெண், கடை முதலாளியும் நான்தான். அப்படியிருந்தும் எங்கள் கடையில் திரைச்சீலை கட்டியதும் நான்தான். ஆம்பிளைகள் நடுவில் ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்து சாப்பிடக் கூச்சப்படும் என்று நானே முடிவு கட்டினேன். ஒருவரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்த தாதி ஒருவர் இரவு வேலை முடிந்து காலையில் இடியப்பம் சாப்பிட வருவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ என்னிடம் வந்து சொன்னார்: 'அக்கா, இரவு முழுக்க வார்ட்டுக்குள்ளதான் நிண்டனான். எனக்கு றோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட விருப்பம்.'

அன்றிலிருந்து 'எங்க இருக்கப் போறீங்கள்?' என்று கேட்கச் சொல்லிப் பெடியன்களுக்குப் பழக்கினேன். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பாலூட்ட உள்ளே போனார்கள். வயதான அம்மாமார் சிலரும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் முன்னுக்குத்தான் இருந்தார்கள்.

நீங்கள் அடுத்த முறை உள்ளே போகாமல் வெளி மேசையில் இருந்துவிடுங்கள். பெடியன் திரைச்சீலையைக் காட்டினால், 'இங்க காத்து வருது' என்று சொல்லுங்கள். கோபப்பட வேண்டியதில்லை, அவன் முதலாளி சொன்னதைத்தான் செய்கிறான். இரண்டு நாளைக்கு ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அது உங்கள் கதிரை.

வாசகர், பரந்தன்: சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கொத்துரொட்டி சொன்னோம். நாற்பது நிமிடம் ஆனது. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு வந்தார்கள், சரி. முதலே போனில் சொல்லியிருப்பார்கள். கொத்துப் போடுகிற மாஸ்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் ஓடர் எழுதின துண்டுகள் குத்தியிருக்குமே, அதுதான் வரிசை. நம் ஊர்க் கடைகளில் அநேகமாக ஒரு கல்லும் ஒரு மாஸ்டரும்தான். ரொட்டியைப் பிய்த்து, லீக்ஸ், வெங்காயம், முட்டை போட்டு, குழம்பு விட்டுக் கொத்தி இறக்க ஐந்து நிமிடம் வேண்டும். முன்னால் எட்டுத் துண்டு குத்தியிருந்தால் உங்கள் நாற்பது நிமிடம் வந்துவிடும்.

கடைக்காரரில் உள்ள பிழை, அதை உங்களிடம் சொல்லாதது. 'முன்னுக்கு எட்டு இருக்கு, நிப்பீங்களா?' என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் நிற்பார்கள், மீதிப்பேர் தோசைக்கு மாறுவார்கள். சொன்னால் ஆள் போய்விடும் என்ற பயத்தில் 'இப்ப வரும், இப்ப வரும்' என்பார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள். டக டக என்று கேட்கிற சத்தத்தை நம்ப வேண்டாம், அது மற்றவருடைய கொத்து.

வாசகி, செட்டிகுளம்: நகரத்துக் கடைகளில் பிளேன்ரீ சில நாள் கறுத்து, மேலே ஓர் ஆடை படிந்து வருகிறது. பழைய தேயிலையா?

தேயிலையில் குறை சொல்ல முதல் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலுக்கு உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புச் சத்துத்தான் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து மேலே ஆடையாக மிதக்கிறது. அரைத் தேசிக்காய் பிழிந்துவிட்டால் ஆடை கரைந்து, நிறமும் தெளியும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் பலர் இப்போது சுத்திகரித்த தண்ணீரைக் கான்களில் வாங்குகிறார்கள். கடைக்காரர் குடிக்க அந்தத் தண்ணீரை வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குக் குழாயைத் திறப்பார். கேட்டுப் பாருங்கள்.

விவசாயி, மல்லாவி: நெல்லை விற்கும்போது விலை இல்லை. வங்கி அலுவலாக நகரத்துக்கு வந்து ஒரு நேரம் சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது. நான் விளைவித்த சோற்றை எனக்கே இந்த விலைக்கு விற்கலாமா?

ஐயா, அந்தக் கோப்பையில் ஆக மலிவான சாமான் உங்கள் சோறுதான். அதனால்தானே இரண்டாம் முறை, மூன்றாம் முறை சோறு கேட்டாலும் காசு எடுக்காமல் போடுகிறோம். பருப்பும் சொதியும் அப்படித்தான். காசு முழுக்க மீனிலும் தேங்காயிலும் எண்ணெயிலும் அடுப்பிலும் போகிறது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 4,860 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. நாங்கள் கடைக்குப் பின்னால் கல் வைத்து விறகில் சமைத்தோம். புகையில் இவருக்கு இழுப்பு வந்தது. அந்த வருடக் கடைசியில் கடையைக் கைமாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலையைக் கூட்ட வெட்கப்பட்டு, நான் முதலில் மீன் துண்டைச் சிறுப்பித்தேன். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சந்தையில் மரக்கறி விற்கிற ஒருவர் துண்டைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, 'அக்கா, இது மீனோ, மீனின்ர பிள்ளையோ?' என்று கேட்டார். முழுக் கடையும் சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த நாள் பழைய அளவுத் துண்டு போட்டு, 180 ரூபாய்ச் சாப்பாட்டை 350 ஆக்கி, பலகையில் எழுதி வைத்தேன். ஆட்கள் குறைந்தார்கள். ஆனால் அந்தச் சந்தைக்காரர் கடைசி நாள்வரை வந்தார்.

நீங்கள் மரக்கறிச் சாப்பாடு எடுங்கள், வயிறு நிறையச் சோறு கேளுங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது பெடியன் முகத்தைச் சுளித்தால், 'இது என்ர நெல்லு' என்று சொல்லுங்கள்.

ஆசிரியை, ஒட்டுசுட்டான்: பாடசாலை அலுவலாக நகரத்துக்குப் போனபோது ஒரு கடையில் மதியம் சாப்பிட்டேன். தேங்காய்ச் சம்பல் புளித்திருந்தது. மிளகாய் கூடியதால் முதல் வாயில் தெரியவில்லை. சொன்னால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, முழுக் காசும் கொடுத்துவிட்டு வந்தேன். இனி அந்தக் கடைக்குப் போகமாட்டேன். செய்தது சரிதானே?

ரீச்சர், சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2016 வைகாசி என்று நினைக்கிறேன், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து சனம் திரும்பிய நாள். காலையிலிருந்தே கூட்டம். வழக்கமாக நாங்கள் சம்பலை இரண்டு முறை இடிப்போம், காலையில் ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று. அன்று நேரமில்லாமல் காலைச் சம்பலையே மதியத்துக்கும் விட்டோம். வன்னி வெயில் உங்களுக்குத் தெரியும். கூரைத் தகரத்துக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில், திருவின தேங்காய்ப்பூ ஈரத்தோடு ஏழு மணித்தியாலம் இருந்தால் என்ன ஆகும்? நான் மூன்று மணிக்குத்தான் சாப்பிட இருந்தேன். முதல் வாயிலேயே தெரிந்தது.

பில் துண்டுகளை எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு முப்பத்தெட்டுச் சாப்பாடு போயிருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் சொல்லவில்லை, ரீச்சர். கோப்பைகளைக் கழுவப் போட்ட இடத்தில் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் ஒதுக்கி வைத்த சம்பல் பிடி பிடியாகக் கிடந்தது. பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கிறது. கோப்பை எடுத்த பெடியனும் பார்த்திருக்கிறான். அவனைக் கேட்டால், 'சம்பல் உறைப்பாக்கும் எண்டு நினைச்சன்' என்கிறான்.

முதலாவது ஆள் சொல்லியிருந்தால் முப்பத்தேழு பேருடைய வயிறு தப்பியிருக்கும். ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. ஆனால் தினமும் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. ஒருவர் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், வேலை செய்தவர். ஒரு நாள் வங்கி வாசலில் அவரைக் கண்டேன். கும்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்றைக்கும் அவருடைய முகம்தான் நினைவுக்கு வருகிறது. சண்டை பிடித்தவர்கள் ஒருவருடைய முகமும் நினைவில் இல்லை.

அப்புறம், பழுது எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆக்கின சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழம்பைக் கொதிக்க வைக்கலாம். சம்பலைக் கொதிக்க வைக்க ஏலாது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இடிப்பதுதான் வழி. புளிக்கத் தொடங்கின சம்பலுக்கு இன்னும் கொஞ்சம் தேசிக்காய் விட்டு மறைக்கிற கடைகளும் இருக்கின்றன. அது களவு.

எல்லோருக்கும் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், கை கழுவப் போகிறபோது லாச்சியடியில் நிற்கிறவரிடம் மெல்லச் சொல்லுங்கள். 'சம்பலை ஒருக்காப் பாருங்கோ' என்றால் போதும். நல்ல கடைக்காரர் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். உங்களிடம் சாப்பாட்டுக்குக் காசு எடுக்கவும் மாட்டார். 'மற்றவை ஒண்டும் சொல்லேல்லையே' என்று பதில் வந்தால், அப்போது நீங்கள் போகாமல் விடலாம். திரும்பத் திரும்ப அப்படி நடக்கிற கடை என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. எங்கள் கடைக்கும் அவர் வருவார். வருகிற நாளில் எனக்குக் கை நடுங்கும். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குள் பச்சை இறைச்சியைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

வாசகர், புதுக்குடியிருப்பு: கொழும்பு போகிற இரவு பஸ் எப்போதும் ஒரே கடையில்தான் நிற்கிறது. சாப்பாடு வாயில் வைக்க முடியாது, விலை இரண்டு மடங்கு. 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 120 எடுத்தார்கள்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கும், பார்த்தீர்களா? சாரதியும் கொண்டக்டரும் அங்கே கோழிக்கறியோடு சாப்பிடுவார்கள். அவர்களுக்குப் பில் வராது, அது உங்கள் பில்லில் வந்துவிட்டது. எங்களிடமும் ஒரு பஸ் ஆறு மாதம் நின்றது. இரண்டு சாப்பாட்டுக்கு நாற்பது பேர் வந்தால் இலாபம் என்று இவர் கணக்குப் போட்டார். நாற்பது பேரும் பதினைந்து நிமிடத்தில் ஒன்றாக வந்து விழ, தினமும் வருகிற நம் ஆட்களைக் கவனிக்க முடியவில்லை. விட்டுவிட்டோம்.

சாப்பாட்டு விலைக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீருக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு உச்ச விலை 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 என்று வர்த்தமானியில் போட்டார்கள். பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அதிகாரசபைச் சட்டம். பிறகு 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து அந்த அதிகாரசபையிடம் முறையிடுங்கள். பஸ் ஹோர்ன் அடிக்கிற நேரத்தில் யார் பில் கேட்பது என்று அவர்களுக்கும் தெரியும், எனவே இறங்கும்போதே போத்தலைப் பையில் கொண்டு இறங்குங்கள். முறிகண்டியில் நின்றால் ஒரு சுருள் கச்சானும் வாங்கி வையுங்கள்.

வாசகர், கிளிநொச்சி: வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஆயிரம் ரூபாய் ரிப்ஸ் வைக்கிறார்கள். நாங்கள் இருபது ரூபாய் வைத்தால் பெடியன் பார்க்கிற பார்வை சரியில்லை.

வருடத்தில் ஒரு மாதம் வருகிறவரின் ஆயிரத்தை நம்பி அவன் சீவிக்கவில்லை. அந்தப் பார்வை ஆவணி முடிய மாறிவிடும். பில்லில் ஏற்கெனவே பத்து வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் ஒன்றும் வைக்கவும் வேண்டாம்.

வாசகி, விசுவமடு: கடையை விட்ட பிறகு நீங்கள் வெளியில் சாப்பிடுவீர்களா அக்கா?

மாதம் ஒருக்கால் இவரை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் சாப்பிடுவோம். அம்மாச்சி உணவகத்துக்கும் போவேன், அங்கே பெண்கள் கண்ணுக்கு முன்னால் அப்பம் சுடுவார்கள், உளுந்து வடை சூட்டோடு வரும். மற்றபடி நம் பழைய கடைக்குத்தான் போவோம். இப்போது அது வேறொரு தம்பியிடம் இருக்கிறது. அலுமாரி அப்படியே இருக்கிறது. திரைச்சீலையைக் கழற்றிவிட்டார். போன மாதம் சொதியில் உப்பு இல்லை. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். எழும்பிப் போய் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, 'ஓம் அக்கா' என்று சொல்லிச் சட்டியோடு குசினிக்குள் போனார்.